டீச்சருக்கு ஜோடி டாக்டர்

மணிச் சத்தம் கேட்டால் நான் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தாலும் சரி, தெருவில் யாராவது சைக்கிள் மணியைக் கொஞ்சம் நீளமாக அடித்தாலும் சரி, கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவைப் பார்ப்பேன். "உட்காருங்க அத்தை, உங்க மந்திரிசபை ஒண்ணும் கவிழல" என்பாள் மருமகள். அவளுக்கு என்னைக் கிண்டல் செய்யாமல் பொழுது விடியாது. மாமியார்க்காரி ரிடையர் ஆகி வீட்டோடு இருந்தால் மருமகளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

நான் வேலை பார்த்த மன்றம் பெரிய பார்லிமென்ட் இல்லை. ராணுவம், நாணயம், வெளிநாட்டு உறவு எல்லாம் தலைநகரத்துப் பெரியவர்களிடம் இருந்தன. மாடு, மீன், பள்ளிக்கூடம், பஸ், சாக்கடை, ஆஸ்பத்திரி எங்களிடம். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தபோது மணக்கிறதையெல்லாம் அவர்கள் வைத்துக்கொண்டு நாறுகிறதை நம்மிடம் தள்ளிவிட்டார்கள் என்று எங்கள் சபாநாயகரே வாய்விட்டுச் சொல்வார். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் யார் ராணுவத்தைப் பற்றி யோசிக்கிறார்கள்? குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

கட்டடம் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆபீஸ். காசாளர்கள் உட்கார்ந்த கூடத்தில் சபை நடந்தது. மாடியில் பழைய கோப்பு அறைகளைக் குழு அறைகளாக்கியிருந்தார்கள். மூன்றாம் எண் அறை என்னுடையது. ஜன்னலைத் திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. மைக் ஒன்று, மந்திரி பேசினால் மட்டும் கீச்சென்று கத்தும். லாட வடிவத்தில் மேசை, நடுவில் தலைவர் நாற்காலி, அதற்கு வலப்பக்கம் நான். சாட்சி சொல்ல வருபவர்களை உட்கார வைப்பது, தண்ணீர் ஜாடியை நிரப்புவது, வருகை படிப்பது, நடந்ததைக் குறிப்பெடுப்பது என் வேலை. அதனால் எல்லோருக்கும் நான் குறிப்பம்மா. என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

என்னுடையது வேளாண்மை, கால்நடைக் குழு. தலைவர், ஆளுங்கட்சியைச் சேர்ந்த டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து அரசியலுக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாரே தவிர, பள்ளிக்கூடம் அவரை விடவில்லை. கை தூக்காமல் யாரும் பேசக் கூடாது. தாமதமாக வருபவர் கதவருகே நின்று காரணம் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். மந்திரிகள்கூட நின்றிருக்கிறார்கள்.

அவருக்கு நேர் எதிரே எதிர்க்கட்சியின் டாக்டர். மாட்டு டாக்டர். எவ்வளவு நல்ல சட்டை போட்டு வந்தாலும் மேலே லேசாக டெட்டால் வாசனை அடிக்கும். அடுத்தவர் பேசும்போது அஜெண்டா தாளின் ஓரத்தில் பசு வரைந்துகொண்டிருப்பார். டீச்சர் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரு 'ஆனா' இருக்கும்.

"டாக்டர், நீங்க பேசினது போதும். பக்கத்துல இருக்கறவங்களுக்கும் வாய் இருக்கு."

"வாய் இருக்கு தலைவர் அவர்களே. அதுல விஷயம் இருக்கான்னுதான் தெரியல."

"குறிப்பம்மா, இத எழுதாதீங்க."

"குறிப்பம்மா, கொட்டை எழுத்துல எழுதுங்க."

நான் 'விவாதம் நடைபெற்றது' என்று எழுதுவேன். எத்தனையோ அருமையான சண்டைகளை அந்த இரண்டே சொல்லில் புதைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒருமுறை குழுவோடு ஒரு பால் பண்ணைக்குப் போனோம். டீச்சர் அதிகாரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற பசு ஒன்று நிதானமாக அவருடைய கைப்பையின் வாரை மென்று கொண்டிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்து அலறிவிட்டார். டாக்டர் ஓடிவந்து பசுவின் வாயிலிருந்து வாரை இழுத்தெடுத்து, துடைத்து, மரியாதையாக நீட்டினார். "மன்னிச்சிடுங்க. இது எங்க கட்சி மாடு." டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் திரும்பி வரும் வேனில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்ததை நான் பார்த்தேன்.

இந்த இருவரும் ஜோடி. உடனே கண்டதை நினைக்க வேண்டாம், விளக்கிவிடுகிறேன். எங்கள் சபையில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ஓர் உறுப்பினர் உடம்பு சரியில்லாமலோ வீட்டு விஷயமாகவோ வர முடியாமல் போனால், எதிர்த்தரப்பில் ஒருவர் அவருக்காகத் தானும் ஓட்டுப் போடாமல் வெளியே நிற்பார். இந்தப் பக்கம் ஒன்று குறைந்தால் அந்தப் பக்கமும் ஒன்று குறையும். அவர் வராமல் போனால் இவர் நிற்பார். இதுதான் ஜோடி. சட்டத்தில் கிடையாது, காகிதத்தில் கிடையாது. கையைக் குலுக்கிச் சொல்வதோடு சரி. வாக்கெடுப்பு மணி அடிக்கும்போது ஜோடிக்காரர் வெளியே இருப்பார். குழுவிலும் அப்படித்தான், பேசலாம், ஓட்டுக்குக் கை தூக்கக் கூடாது. நான் வருகை படிக்கும்போது, வராதவருடைய தொகுதியைச் சொன்னதும் ஜோடிக்காரர் "ஜோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். நான் இரண்டு பேருக்கும் நேராகக் கோடு போட்டுவிடுவேன்.

மற்றவர்களெல்லாம் தங்களுக்குப் பிடித்தவராகப் பார்த்து ஜோடி சேர்ந்துகொண்டார்கள். இவர்கள் இருவரோடும் சேர யாருக்கும் தைரியம் இல்லை. மிஞ்சிப் போனவர்களை இரண்டு கட்சிக் கொறடாக்களும் சேர்த்துவைத்தார்கள். டீச்சரின் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது டாக்டர் வெளியே நின்றார். டாக்டரின் மகளுக்குப் பிரசவம் என்றபோது டீச்சர் வெளியே நின்றார். மணி அடித்து எல்லோரும் படியில் விழுந்தடித்து ஓடும்போது கேன்டீன் மூலையில் தனியாக உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றபடி, "என்ன குழந்தைன்னு போன் பண்ணிக் கேளுங்களேன்" என்று என்னை நச்சரித்தார். பேத்தி என்று தெரிந்ததும் கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ வாங்கித் தந்தார். அப்புறம் குழுவில் டாக்டரைப் பார்த்ததும் வழக்கம்போல எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகம்தான்.

அப்போதுதான் அந்த மசோதா வந்தது. ஊர் ஊராக இருந்த சின்ன மாட்டாஸ்பத்திரிகளை மூடிவிட்டு, வட்டத்துக்கு ஒன்றாகப் பெரிய ஆஸ்பத்திரி கட்டுவது. அரசாங்கத்தின் மசோதா என்றாலும் குழுவில் அதை நடத்திச் செல்ல வேண்டியவர் டீச்சர். டாக்டரின் தொகுதியில்தான் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிகள் அதிகம். அவற்றில் ஒன்றில்தான் அவர் முதன்முதலில் ஊசி பிடித்தார். என் அக்கா வீடும் அங்கேதான். அக்காவும் அத்தானும் மாடு வைத்துப் பிழைப்பவர்கள்.

"ஒரு ரூம், ஒரு ஊசி, ஒரு பூட்டு. இதுக்குப் பேரு ஆஸ்பத்திரியா?" என்பார் டீச்சர். "டாக்டர் லீவு போட்டா மாடு சாகணுமா? ஆபரேஷன் தியேட்டரோட ஒண்ணு வேணும்."

"வேணும். நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா மாடு அங்க எப்படி வரும்? பஸ்ஸுல சீட்டு போட்டுத் தருவீங்களா?"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. டாக்டர் திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொண்டுவந்தார். எல்லாம் ஒவ்வோர் ஓட்டில் தோற்றது. அவர் அசரவில்லை. சபையின் கடைசி வாக்கெடுப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

குழு வேலை முடிகிற சமயத்தில் டீச்சர் படுத்துவிட்டார். அறிக்கையில் கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, நோயாளிக்கு வாங்கி வந்த ஆரஞ்சைத் தானே தின்று கொண்டிருந்தார். டீச்சர் பாதியாக இளைத்திருந்தார். கையெழுத்துப் போடுமுன் அறிக்கை முழுவதையும் படித்தார். படித்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"நான் வர்ற வரைக்கும் நீங்க உள்ள போகக் கூடாது."

"போகல."

"மசோதா ஓட்டுக்கு வந்தாலும்?"

டாக்டர் தோலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கைக்குட்டையில் சுற்றினார். "வந்தாலும். ஆனா சீக்கிரம் எழுந்து வாங்க. உங்களத் தோக்கடிக்கறப்ப நீங்க எதிர்ல உட்காந்திருக்கணும். இல்லன்னா என்ன சுகம்?"

"நாம ரெண்டு பேரும் உள்ள இருந்தா நாங்கதான் ஒரு ஓட்டுல ஜெயிப்போம். கணக்கு வராதா உங்களுக்கு?"

"யாரையாச்சும் பேசி மாத்துவேன். வாங்க, பாத்துக்கலாம்."

டீச்சரின் வலது கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தது. இடது கையை நீட்டினார். டாக்டர் அதைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

டீச்சர் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் செய்தி வந்தது. நான் மூன்றாம் எண் அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என்னை அத்தனை முறை கடிந்துகொண்ட ஒருவருக்காக அப்படி அழுகை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

சபையில் இரங்கல் பேசினார்கள். வாக்கெடுப்பு இல்லாததால் டாக்டரும் உள்ளே போய்ப் பேசினார். "நான் பேசினா அவங்கதான் நிறுத்துவாங்க. இன்னைக்கு நிறுத்த ஆளில்ல. அதனால நானே நிறுத்திக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே மசோதா கடைசி வாக்கெடுப்புக்கு வந்தது. கணக்கு சின்னக் குழந்தைக்கும் புரியும். டீச்சர் இல்லை. டாக்டர் உள்ளே போனால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் மசோதா விழும் என்பது எங்கள் சபையின் வழக்கம். டாக்டர் வெளியே நின்றால் மசோதா ஒரு ஓட்டில் ஜெயிக்கும். அவர் நினைத்தபடி எல்லாம் கைக்கு வந்துவிட்டது. போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அவர் போகமாட்டேன் என்றார்.

அவர் கட்சிக் கொறடா மாடியேறி மூன்றாம் எண் அறைக்கு வந்து கத்தினார். "செத்தவங்களோட என்னய்யா ஜோடி? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" கத்திப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்று மிரட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் ஆளுங்கட்சிக் கொறடா வந்தார். அவர் நல்ல மனிதர். கதவருகிலேயே நின்று, "டாக்டர், அது முடிஞ்சு போச்சு. நீங்க உள்ள வந்தா எங்க ஆளுங்க ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. நான் பொறுப்பு" என்றார். டாக்டர் அவருக்கு நன்றி சொன்னார். எழுந்திருக்கவில்லை.

அறையில் நானும் அவரும்தான். அவர் தன் வழக்கமான நாற்காலியில். எதிரே டீச்சரின் நாற்காலி காலி. முந்தின நாள் அக்கா போன் செய்து, "அந்த டாக்டர்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லுடி, தினமும் அவரு முன்னாலயேதான உட்காந்திருக்க" என்று உயிரை எடுத்திருந்தாள். குழு அலுவலர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. என் வேலைக்காலம் முழுக்க நான் பேசியதில்லை. அன்று பேசினேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் பேசுவேன்.

"டாக்டர், உள்ள போங்க."

"வர்ற வரைக்கும்னு சொல்லிட்டேன் குறிப்பம்மா. உசுரோட இருக்கற வரைக்கும்னு சொல்லல."

"அவங்க இனிமே வரமாட்டாங்க."

"எனக்குத் தெரியாதா? இப்ப உள்ள போனா நான் ஜெயிச்சிடுவேன். எதனால ஜெயிச்சேன்? நல்லாப் பேசினதாலயா? யாரையாச்சும் மாத்தினதாலயா? அவங்க செத்ததால. அத எடுத்துக்கிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய வருவேன்?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உங்க மூஞ்சி பெருசா, எங்க அக்கா மாடு பெருசா?"

அவர் அஜெண்டா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போது மணி அடித்தது. அந்த மணியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சுவரே அதிரும். கதவுகளெல்லாம் திறந்து, தாழ்வாரத்தில் செருப்புச் சத்தமும் பேச்சுச் சத்தமுமாகக் கூட்டம் படியிறங்கி ஓடியது. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். வேண்டுமென்று இல்லை, பழகிய கால்கள். கதவு வரைக்கும் போய்விட்டார். கைப்பிடியில் கை வைத்து நின்றவர், அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். மணி நின்றது. கீழே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கும்தான். என்னுடையது பாதி கோபம்.

மசோதா ஒரு ஓட்டில் ஜெயித்தது. அக்கா ஊர் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழுந்தது. டாக்டரின் கட்சி சொன்னபடியே அடுத்த தேர்தலில் அவரைக் கைகழுவியது. அக்கா அவரைச் சபிக்காத நாளில்லை. அப்போதெல்லாம் அவளுக்குப் பயந்து நான் போனையே எடுப்பதில்லை. பிறகு ஒரு மழைநாளில் அக்காவின் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது, யாரோ சொல்லி, டாக்டர் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு தானாகவே வந்திருக்கிறார். அக்கா அன்று போன் செய்தாள். "ஓட்டுப் போட உள்ள போகாத மனுஷன், மாட்டுக்குத் தோள்பட்டை வரைக்கும் உள்ள போயிட்டாருடி." திட்டுகிறாளா மெச்சுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. பசுவும் கன்றும் பிழைத்தன. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பக்கத்து மாடுகளுக்கெல்லாம் அவருடைய கார்தான் ஆஸ்பத்திரி.

அவர் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இப்போது சபைக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. ஓட்டுப் போடப் பொத்தான் வந்துவிட்டது, வீட்டிலிருந்தபடியே அழுத்தலாமாம். ஜோடியும் இல்லை, மணியும் இல்லை. யாரும் யாருக்காகவும் வெளியே நிற்க வேண்டியதில்லை. நல்லதுதான் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்த மூடாத ஜன்னலும், எனக்கு எதிரே சண்டை போட்ட அந்த இரண்டு பேரும்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மசோதா ஜெயித்த மறுவாரம் எங்கள் குழு கூடியது. டீச்சர் நாற்காலியில், தற்காலிகத் தலைவராக, ஆளுங்கட்சியின் ஐஸ் ஃபேக்டரிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆளுங்கட்சிக்காரர்கள் ஒருவரும் டாக்டரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கட்சிக்காரர்கள் அவர் பக்கத்து நாற்காலியில்கூட உட்காரவில்லை. அவர் பாட்டுக்குப் பசு வரைந்துகொண்டிருந்தார். நான் வருகை படிக்கத் தொடங்கினேன். அத்தனை வருடப் பழக்கம். நாக்கு என்னைக் கேட்கவில்லை.

"தலைவர், துறைமுகத் தொகுதி."

டீச்சரின் தொகுதி. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"ஜோடி" என்றார் டாக்டர். தாளிலிருந்து தலையைத் தூக்காமல், எப்போதும் சொல்லும் அதே சலிப்புக் குரலில்.

ஐஸ் ஃபேக்டரிக்காரர் எழுந்தார். டீச்சரின் நாற்காலியை மேசைக்குள் மெதுவாகத் தள்ளிவிட்டு, பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் தண்ணீர் ஜாடியை டாக்டர் பக்கம் நகர்த்தினார். நான் இரண்டு பேருக்கும் நேராகக் கோடு போட்டேன். அதை அடிக்கச் சொல்லி யாரும் கை தூக்கவில்லை.

இடைத்தேர்தல் முடிந்து துறைமுகத்துக்குப் புது உறுப்பினர் வரும்வரை டாக்டர் ஒரு வாக்கெடுப்புக்கும் உள்ளே போகவில்லை. அதுவரை ஒவ்வொரு வாரமும் நான் முதலில் அந்தத் தொகுதியைத்தான் படித்தேன். மறந்துபோய்ப் படித்தது அந்த ஒரு தடவைதான்.